கொலைகார ரோசிக்குத் திருஷ்டிப் பொட்டு

பேய்ப்படத்தில் பொம்மையை ஆட்டுகிற வேலைக்கு இரண்டே தகுதி போதும்: கட்டிலுக்கு அடியில் நுழைகிற உடம்பு, தும்மலை அடக்கத் தெரிந்த மூக்கு. கேமராவில் தலை தெரியாமல் உழைத்துத் தேய்கிற சக பாவிகளே, உங்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன்.

சில வருஷங்களுக்கு முன் ரோசி என்கிற கொலைகாரப் பொம்மைக்கு கவுன் தைக்கப் போனேன். கை சின்னதாக இருக்கிறதே என்று அவளை ஆட்டும் வேலையையும் என் தலையில் கட்டிவிட்டார்கள். இயக்குநர் சேவியர் கோலார் தங்கவயல்காரன். பதினோரு வருஷம் உதவி இயக்குநராகக் கிடந்து எடுத்த முதல் படம். அவனுக்கு இருந்தது ஒரே ஆசை. "படம் ஓடாட்டியும் பரவால்லக்கா. ஒரே ஒரு ஆள் நிஜமா பயந்துட்டா போதும்."

ஆதார் இல்லாதவள்

ரோசிக்கு இருந்தது ஒரே கவுன். ஒவ்வொரு கொலைக்கும் பிறகு அதை நான் ஸ்ரீராம்புரத்தில் என் வீட்டுக்குக் கொண்டுபோய் ரத்தக்கறை போகத் துவைக்க வேண்டும். கவுனைக் கழற்றினால் ஒட்டிய கை கழன்றுவிடும் என்பதால் ஆளையே தூக்கிக்கொண்டு போவேன். ஷூட்டிங் நடந்த ரிச்சர்ட்ஸ் டவுன் பங்களாவுக்கு பஸ்ஸில் என் மடியில்தான் வருவாள். இன்றைக்கும் அந்தப் பக்கம் பஸ்ஸில் போனால் மடி காலியாக இருப்பது என்னவோ போல இருக்கிறது.

ஒருநாள் பக்கத்து சீட் காலியாக இருந்ததால் அவளை அங்கே உட்கார வைத்தேன். கண்டக்டர் வந்து அவளையே பார்த்தார். "பெண்களுக்கு இலவசம்தானே?" என்று நான் சிரித்தேன். அவர் சிரிக்கவே இல்லை. "லேடீஸ்னா ஃப்ரீதாம்மா, யாரு இல்லேன்னது? ஆதார் காட்டச் சொல்லு."

கண்ணு படாதா?

மேக்கப் போடும் மஞ்சண்ணா பூசணிக்காய் உடைக்காமல் டீ கூடக் குடிக்க மாட்டார். முதல் நாள் பூஜை முடிந்ததும் ஹீரோவுக்கு ஆரத்தி, ஹீரோயினுக்கு ஆரத்தி. அடுத்த நாற்காலியில் ரோசி உட்கார்ந்திருந்தாள். பழக்க தோஷம், அவளுக்கும் ஒரு சுற்று சுற்றி, கன்னத்தில் கறுப்பாக ஒரு பொட்டு வைத்துவிட்டார். யாரும் கவனிக்கவில்லை. சாயங்காலத்துக்குள் இரண்டு கொலை எடுத்துவிட்டோம்.

மானிட்டரில் பார்த்த சேவியர் தலையில் கை வைத்தான். பங்களாவைக் கூடுதலாக ஒரு நாள் கூடத் தர மாட்டார்கள். திரும்ப எடுக்க வழியில்லை. அதனால் படம் முடியும்வரை ஒவ்வொரு கொலைக்கு முன்பும், ஃபோட்டோவைப் பார்த்து, அதே கன்னத்தில் அதே இடத்தில் மை வைத்தோம். சேவியர் கத்தித் தீர்த்தபோது மஞ்சண்ணா அசரவில்லை. "கொலை பண்றவளா இருந்தா என்ன சார், அவளும் பொண்ணுதானே. கண்ணு படாதா?"

கட்டிலுக்கு அடியில்

ஹீரோ ஸ்டான்லி ரிச்சர்ட்ஸ் டவுனிலேயே பிறந்தவன், சர்ச்சில் பாடுகிறவன், மரியாதை தெரிந்தவன். அவன் கழுத்தை ரோசி அறுக்க வேண்டும். நான் கட்டிலுக்கு அடியில் தூசியில் படுத்து அவள் கையை ஆட்டிக்கொண்டிருந்தேன். கத்தி கழுத்தில் பட்டது, ரத்தம் பீய்ச்சியது, எனக்குத் தும்மல் வந்துவிட்டது. ரோசி கத்தியோடு மூன்று முறை குலுங்கினாள். செத்துக்கொண்டிருந்த ஸ்டான்லி கண்ணைத் திறந்து, என்னை அல்ல, ரோசியைப் பார்த்துச் சொன்னான்: "காட் ப்ளெஸ் யூ."

முதல் காட்சி

படம் ஒரு வெள்ளிக்கிழமை காலைக் காட்சியாக வந்தது. ரோசியின் முகம் திரை முழுக்க வந்தது, பொட்டோடு. அவ்வளவுதான், தியேட்டர் குலுங்கியது. அவள் கத்தியை எடுத்தபோதெல்லாம் பின்னாலிருந்து ஒரு குரல், "பாப்பாவுக்குச் சுத்திப் போடுங்கப்பா!" அது எங்கள் வீட்டு ஓனர் குரல். வாடகைக்கு இருக்கிற பாவத்துக்கு நான்தான் அவரைக் குடும்பத்தோடு கூட்டிப் போயிருந்தேன்.

இடைவேளையில் சேவியரைக் காணவில்லை. வண்டி நிறுத்துமிடத்தில் யாருடைய ஸ்கூட்டர் மேலோ உட்கார்ந்திருந்தான். எனக்கும் அழுகைதான் வந்தது. அவன் நிமிர்ந்தே பார்க்கவில்லை. "உள்ள ஒரு கைக்குழந்தை இருந்துச்சுக்கா. அது கூட சிரிச்சிடுச்சு."

மூட்டை

மறுநாள் காலை வீட்டு ஓனர் என் வாசலில் நின்றார். கையில் வாய் கட்டிய கோணி மூட்டை. "இத உங்க வீட்ல வெச்சுக்கம்மா." பிரித்துப் பார்த்தால் அவர் மகளுடைய பொம்மைகள். ஒன்றுவிடாமல், எல்லாவற்றின் முகத்தையும் துணியால் சுற்றியிருந்தார். பஞ்சு அடைத்த கரடிக்கும் அதே கதி.

"நேத்து அப்படிச் சிரிச்சீங்களே?" என்றேன். மனைவி வருகிறாளா என்று திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "அங்க நூறு பேர் இருந்தாங்க, சிரிச்சேன். வீட்ல நான் ஒருத்தன்தானேம்மா முழிச்சிட்டிருந்தேன்."

அவர் படியிறங்குவதற்குள் சேவியருக்குப் போன் போட்டேன். நேற்றிலிருந்து சாப்பிடாத குரலில் எடுத்தான். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டான்: "நிஜமாவாக்கா? கரடியையுமா?"

தியேட்டர் முழுக்கச் சிரித்ததை மறந்துவிட்டு, ஒரே ஒரு ஆள் கட்டிய மூட்டையை நம்பி அடுத்த படத்துக்குக் கதை எழுத உட்காருகிறார்களே, அவர்களோடுதான் ஐயா எனக்குப் பிழைப்பு.