எல்லாரையும் திட்டினேன், அவளைத் தவிர

எங்கள் கல்லூரிப் பெண்கள் கூடைப்பந்து அணிக்குப் பயிற்சி கொடுத்துவிட்டு, ஊட்டியில் குன்னூர் பஸ் ஏறி உட்கார்ந்தேன்.

ஜன்னலோரம் ஷீபா ஓடி வந்தாள். கீழ் கோத்தகிரி எஸ்டேட் பெண். நான் பயிற்சி கொடுத்தவர்களில் இவளைப் போல் ஆடியவர் இல்லை.

"மேடம், இன்னைக்கு எல்லாத்தையும் திட்டுனீங்க. என்னைய மட்டும் ஒண்ணுமே சொல்லலீங்க."

"நீ நல்லாத்தான ஆடுன."

"மறிக்க வேண்டிய ஆளை மூணு தடவ விட்டுட்டனுங்க. அதையும் சொல்லாட்டி நான் எதுக்குங்க பிராக்டிஸுக்கு வர்றது?"

பஸ் கிளம்பிவிட்டது.

கோயம்புத்தூர்க் கல்லூரி ஒன்று அவளைக் கூப்பிடுகிறது. திட்டினால் போய்விடுவாளோ என்று எனக்குப் பயம்.

அருவங்காடு தாண்டியும் மனம் ஓரிடத்தில் நிற்கவில்லை. மூன்று தடவை என்கிறாள். நான் பார்த்தது இரண்டுதான்.

எனக்குச் சொல்லித்தர ஒரு நல்ல கோச் உங்களுக்குத் தெரிந்தால் கமென்டில் சொல்லுங்கள்.