கடைசிக் கம்பத்தில் அசையாத முள்

கேபிள் டிவி லைனில் அலைந்தவர்களுக்குத் தெரியும்: படம் நன்றாக இருக்கும் நாளில் நம் பெயர்கூட யாருக்கும் ஞாபகம் வராது.

ரவை

தொண்ணூறுகளில் சூலூரில் ஒரு விசைத்தறி வீதி என் பொறுப்பில் இருந்தது. தறிச் சத்தத்தில் டிவி பேசுவது காதில் விழாது. அங்கே படம்தான் எல்லாம். கடைசி வீடு பழனியம்மாளுடையது. அவர் சொன்னால் வீதி கேட்கும். கேபிளில் தூரம் போகப் போக, வரிசையில் கடைசியாக வரும் மேல் சேனல்கள்தான் சீக்கிரம் சோர்ந்துபோகும். அவர் வீட்டில் கீழ் சேனல்கள் பளிச்சென்று இருக்க, மேல் சேனல்கள் புள்ளி புள்ளியாக வந்தன.

“ஏனுங்க தம்பி, மேல இருக்கற சேனல்ல எல்லாம் ரவை கொட்டுதுங்க. ஞாயித்துக்கெழமைக்குள்ள சரி பண்ணலீன்னா வீதியே அடுத்த கேபிள்காரருகிட்டப் போயிருமுங்க.”

பூஸ்டர் வைத்தியம்

என் முதலாளிக்கு எல்லா நோய்க்கும் ஒரே மருந்து, இன்னொரு பூஸ்டர். கடைசிக் கம்பத்தில் மாட்டச் சொன்னார், மாட்டினேன். ஏற்கெனவே பலமாக இருந்த கீழ் சேனல்களையும் அது சேர்த்துத் தூக்கிவிட்டது. சேனல்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக்கொண்டன. மறுநாள் பழனியம்மாள் தறிச் சத்தத்துக்கு மேல் கத்தினார்:

“நேத்து ரவை மட்டுந்தானுங்க! இன்னிக்கு நியூஸ் வாசிக்கறவரு மூஞ்சிக்குள்ள ஒருத்தன் டான்ஸ் ஆடறானுங்க!”

குறைக்கிற வைத்தியம்

வழிநெடுகக் கம்பங்களில் சிக்னலை ஏற்றிவிடும் ஆம்ப்ளிஃபயருக்குள் செருகும் ஈக்வலைசர் கட்டைவிரல் அளவுதான். அது எதையும் கூட்டாது. கீழ் சேனல்களைக் குறைத்து மேல் சேனல்களோடு சமமாக்கும். பிறகு எல்லாவற்றையும் ஒன்றாக ஏற்றலாம். முதல் கம்பத்திலிருந்தே, ஒவ்வொரு ஆம்ப்ளிஃபயருக்கும் முன்னால் ஓடும் கேபிளின் நீளத்துக்கு ஏற்றபடி மாற்றிவருகிறேன் என்றேன். வேறு வழியில்லாமல் சனிக்கிழமை ஒரு பகலைக் கொடுத்தார் முதலாளி.

“ஏங் கண்ணு, நல்லாத் தெரியறதையும் கொறச்சுப்போட்டு, அதுக்குப் பேரு ரிப்பேரா?”

நடு வீதி

சிக்னல் மீட்டரைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு ஏறினேன். நடு வீதியில் படம் ஏற்கெனவே ஒழுங்காக வந்த வீடுகள். “எங்களுக்கு நல்லாத்தானுங்களே இருக்குது, எறங்குங்க!” என்று கம்பத்தடியில் கூட்டம். இறங்கவில்லை. கீழ் சேனலில் ஒரு பார்வை, மேல் சேனலில் ஒரு பார்வை, பொருந்தாவிட்டால் வேறு ஈக்வலைசர். இப்படியே நகர்ந்து கடைசிக் கம்பத்துக்கு வந்து பூஸ்டரைக் கழற்றினேன். முதல் சேனலில் நின்ற முள், கடைசிச் சேனலுக்குத் திருப்பியபோதும் அங்கேயே நின்றது. பக்கத்து மொட்டை மாடியிலிருந்து முதலாளி எட்டிப் பார்த்தார்.

“முள்ளு நகரவே மாட்டேங்குது. மீட்டர் போயிருச்சா கண்ணு?”

ஞாயிறு

அடுத்த கேபிள்காரர் தோளில் ஒயர்ச் சுருளோடு வந்துவிட்டார். நான் வாசலோரம் நின்றேன். பழனியம்மாள் எங்கள் இருவரையும் பார்க்கவில்லை. ரிமோட்டை எடுத்து, முதல் சேனலிலிருந்து கடைசி வரை ஒவ்வொன்றாக, அவசரமில்லாமல் மாற்றிப் பார்த்தார். பிறகு ஒயரோடு வந்தவர் பக்கம் திரும்பினார்.

“தோள்ல இருக்கறத எறக்காதீங்க தம்பி. காப்பி குடிச்சுப்போட்டுக் கெளம்புங்க.”

அதற்குப் பிறகு அந்த வீதிக்கு என் பெயர் மறந்தே போய்விட்டது. நம் தொழிலில் அதைவிடப் பெரிய மரியாதை இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.