கப்பல் வீரனுக்கு ஆள் தெரிவு

நான் இரண்டாம் வகுப்பில் இருந்த வருடம், டென்மார்க்கில் எங்கள் சில்க்போர்க் பள்ளிக்கூடத்தில் கறுப்பாக இருப்பது திடீரென்று மதிப்புக்குரிய விஷயமாகிவிட்டது. காரணம் ஒரு படம். அதில் ஆபிரிக்க வீரன் ஒருவன் மூழ்கும் கப்பலை ஒற்றைக் கையால் தூக்கி நிறுத்துவான். வகுப்பில் எல்லோரும் பார்த்துவிட்டு வந்திருந்தார்கள்.

அதற்கு முன்னரும் நாங்கள் வீரர் விளையாட்டு விளையாடியவர்கள்தான். அப்போதைய வீரர்கள் எல்லோரும் வெள்ளையர்கள். ஆகவே தமிழ்ப் பிள்ளையான எனக்குக் கிடைத்தது எரியும் வீட்டின் மாடியில் நின்று கத்துகிற வேலை. கூடக் கத்துகிறவன் என் சிநேகிதன். அவனுடைய அம்மா உகண்டாவிலிருந்து வந்தவர், அப்பா டெனிஷ்காரர். இருவரும் நன்றாகக் கத்துவோம், யாராவது வந்து காப்பாற்றுவார்கள். அதில் எங்களுக்கு ஒரு குறையும் இருக்கவில்லை.

கப்பல் வீரன் வந்ததும் குறையும் வந்தது. தன் அம்மாவின் நாடு ஆபிரிக்காவில் இருப்பதால் தானே வீரன் என்றான் சிநேகிதன். இருவரில் யார் மற்றவரைவிடக் கூடக் கறுப்பு என்று பார்த்தால் முடிந்தது என்றாள், வகுப்பில் எல்லாவற்றையும் தீர்மானிக்கிற ஒருத்தி. எங்கள் கைகளை மேசையில் பக்கம் பக்கமாக வைக்கச் செய்தாள். என் கைதான் கூடக் கறுப்பு, சந்தேகத்துக்கே இடமில்லை. அவன் குனிந்து தலைமுடியைக் காட்டினான். ஒவ்வொருவராக வந்து தொட்டுப் பார்த்து, சுருள் அசல் வீரனுடையதுதான் என்று ஒப்புக்கொண்டார்கள். ஆனாலும் தோல்தான் வென்றது. அன்று முழுக்க நான் கப்பல் தூக்கினேன். அவன் மாடியில் ஏற மறுத்து, ஊஞ்சலில் போய்த் தனியே இருந்தான்.

வகுப்பிலேயே ஆகக் கறுப்பு நான்தான் என்று வீட்டில் பெருமையாகச் சொன்னேன். வழக்கம்போல டெனிஷில்தான் சொன்னேன். அம்மா கறியைத் துழாவுவதை நிறுத்தினார்.

"ஆர் சொன்னது?"

"எல்லாரும்."

"நீ கறுப்பில்லை. பொதுநிறம்."

கோடையில் டெனிஷ்காரர் எல்லோரும் ஏரிக்கரையில் கிடந்து கறுக்கப் பாடுபடும்போது, என்னை மட்டும் நிழலுக்குள் இழுக்கிறவர் அம்மா.

"அவை வேறை, நாங்கள் வேறை" என்றார் அப்பா. ஆபிரிக்கரைக் குறிக்க, 'அவை' என்ற இடத்தில் அவர் உண்மையில் போட்ட சொல்லை நான் இங்கே எழுதப்போவதில்லை. எங்கள் வீட்டில் அது சாதாரணமாகப் புழங்கிய சொல்.

மறுநாள் காலை அம்மா, தான் வேலை செய்யும் முதியோர் இல்லத்துக்குப் போகிற வழியில் பள்ளிக்கூடத்துக்கு வந்தார். பிள்ளைகள் என் மகளைக் கறுப்பி என்கிறார்கள் என்று ஆசிரியையிடம் முறையிட்டார். ஆசிரியையின் முகம் கழுத்துவரை சிவந்தது. எங்களை வட்டமாக இருத்தி, இங்கே யாரும் நிறம் பார்ப்பதில்லை, எல்லோரும் ஒன்றுதான் என்றார். இனிமேல் சீட்டுக் குலுக்கித்தான் வீரனைத் தெரிவுசெய்ய வேண்டும். குலுக்கினோம். சீட்டு விழுந்தது, இமைமயிர்கூட வெள்ளையாக இருந்த ஒருவனுக்கு. அவன் கப்பலைத் தூக்கினான். நானும் சிநேகிதனும் மாடியில் ஏறினோம். கத்தினோம், ஆனால் பழையமாதிரிக் கத்த வரவில்லை.

பின்னேரம் சப்பாத்து மாட்டும் இடத்தில் இரண்டு அம்மாக்களும் ஒரே நேரத்தில் வந்து நின்றார்கள். அதுவரை வணக்கத்துக்கு மேல் பேசியதில்லை. இன்றைக்கு யார் வீரன், நீயா அவளா என்று மகனைக் கேட்டார் அவனுடைய அம்மா. அவன் வெளியே நின்ற வெள்ளை இமைக்காரனைக் கையால் காட்டினான். அவர் பார்த்தார். பிறகு பிள்ளைகள் உட்காருகிற சின்ன வாங்கில் அப்படியே இருந்து சிரிக்கத் தொடங்கினார். அம்மா முதலில் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றார். அடக்க முடியாமல் அவரும் பக்கத்தில் இருந்து சிரித்தார்.

"பேசாமல் உங்களை உங்கடபாட்டில விட்டிருக்கலாம்" என்று என்னைப் பார்த்துச் சொல்லிவிட்டு, அதையே டெனிஷில் அவருக்கும் சொன்னார். அதற்கும் சிரித்தார்கள்.

தோற்றது நாங்கள். இவர்கள் ஏன் சிரிக்கிறார்கள் என்று அவன் என்னைக் கேட்டான். எனக்குத் தெரியவில்லை. சிரிப்பு நின்ற பிறகும் அவனுடைய அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அவ்வளவு பெரிய பகிடியாக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.