சுபேச்சாவா, சும்மா பேச்சா?

புனேயில், எங்கள் போபோடி சந்தில் குழாய்த் தண்ணீர் அரை மணி நேரம்தான் வரும். ஆனால் சந்து முனையில் எங்கள் வார்டு கவுன்சிலரின் பேனர் வருஷம் முழுக்க நிற்கும். கணபதி, தீபாவளி, அவருடைய தலைவரின் பிறந்தநாள், எதுவானாலும் கைகூப்பிய அதே படம்தான். கீழே மராட்டியில் 'ஹார்திக் சுபேச்சா'. மனமார்ந்த வாழ்த்துகள் என்று அர்த்தம். ஒருநாள் காலிக் குடத்தோடு அதைத் தாண்டும்போது என் வாயில் தானாக வந்தது: "சுபேச்சாவா, சும்மா பேச்சா?" கூட வந்த அப்பா சிரித்த சிரிப்பில் தெருவே திரும்பிப் பார்த்தது.

அப்போது நான் கராடியில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் இருந்தேன். இரண்டாயிரத்துக்குப் பிறகு ஐந்தாறு வருஷம் ஆகியிருக்கும். இணையத்தில் ஆளாளுக்குக் குழு ஆரம்பித்துக்கொண்டிருந்த நேரம். புனே தமிழர்களுக்கும் ஒன்று இருந்தது. அரசியல்வாதிகளின் பேரைத் திருப்பிப் போடுவது, வாக்குறுதிகளை வெட்டி ஒட்டுவது என்று அதில் தினமும் கூத்து. நானும் பேனரைப் படம் பிடித்து, கவுன்சிலரின் வாயருகே ஒரு பலூன் வரைந்து என் வரியைப் போட்டேன், ஆங்கில எழுத்தில். புனேயில் வளர்ந்தவர்களில் பாதிப் பேருக்குத் தமிழ் படிக்க வராது. என் பேரைப் போடவில்லை. சாயங்காலத்துக்குள் அது மெயிலில் சுற்றி என் பக்கத்து சீட்டுக்காரிக்கே வந்துவிட்டது. "யாரோ செம ஆளுடி" என்றாள். எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

அந்தச் சனிக்கிழமை, வெளியே போயிருந்த அப்பா திரும்பி வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தார். கட்கி வெடிமருந்து ஃபேக்டரியில் முப்பது வருஷம் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். எதற்கும் பதறாதவர். கொடுத்த தண்ணீரைக் குடிக்காமலே கீழே வைத்தார்.

"கவுன்சிலர் ஆபீசுக்குக் கூப்ட்டாங்கம்மா" என்றார்.

தண்ணீர் லைனுக்காக மனு கொடுக்கப் போய்ப் போய் அங்கே அவர் தெரிந்த முகமாகியிருந்தார். மேஜைமேல் என் படம் பிரிண்ட் போட்டுக் கிடந்ததாம். 'அண்ணா, இது உங்க பாஷைதானே? என்ன எழுதியிருக்கு?' என்று கேட்டிருக்கிறார்கள். கவுன்சிலரைச் சுற்றி ஏழெட்டுப் பேர்.

"பாத்ததுமே நீதான்னு தெரிஞ்சிடுச்சு. கண்ணாடி எடுத்தாரல, தெரியலன்னு சொல்லிட்டேன்."

கண்ணாடி அவர் சட்டைப் பையில் இருந்தது.

"யார்னு கண்டுபிடிச்சு கையை ஒடைக்கணும்னு ஒருத்தன் சொல்றாம்மா. என் எதிர்லயே."

நான் வெறும் எழுத்தைத்தான் மாற்றிப் போட்டிருந்தேன். அது எங்கள் சந்து வரைக்கும் நடந்து வந்து அப்பாவை நிற்க வைத்துக் கேள்வி கேட்கும் என்று நினைக்கவே இல்லை.

மறுநாள் காலை நானே போய்ச் சொல்கிறேன் என்று கிளம்பினேன். "வாணாம்மா, வாணாம்" என்று சொல்லிக்கொண்டே அப்பாவும் கூட வந்தார்.

பேனரில் இருப்பதைவிட கவுன்சிலர் குள்ளமாக, களைப்பாக இருந்தார். அங்கே பேச்சு எல்லாம் மராட்டியில்தான்.

"நான்தான் எழுதினேன்" என்றேன்.

"என்ன அர்த்தம்?"

"நீங்க சொல்றது வாழ்த்தா, வெறும் வாய்ப்பேச்சான்னு கேட்டேன். எங்க சந்துல தண்ணி சரியா வர்றதில்ல."

சுவரோரம் உட்கார்ந்திருந்த ஒருவன் எழுந்தான். கவுன்சிலர் அவனைப் பார்க்காமலே கையைக் காட்டி உட்கார வைத்தார். பிறகு அப்பாவிடம் திரும்பினார்.

"அண்ணா, நேத்து கண்ணாடி உங்க பையிலதான் இருந்துச்சு."

அப்பா தலை குனிந்தார். அவர் யார் முன்னாலும் அப்படிக் குனிந்து நான் பார்த்ததில்லை.

"எனக்கும் பொண்ணு இருக்கு" என்றார் கவுன்சிலர். "படத்தை எடுத்துடு. நான் இதோட விட்டுடுவேன். ஆனா இவனுங்க எப்பவும் என் பேச்சைக் கேக்கறவனுங்க இல்ல."

மிரட்டினாரா, எச்சரித்தாரா? இன்றுவரை எனக்குப் புரியவில்லை. அவர் முகத்தில் கோபமே இல்லை. அதுதான் அதிகம் பயமுறுத்தியது.

வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது அப்பா, "நீ பேசும்போது எனக்கு மராட்டி மொத்தமா மறந்துபோச்சும்மா" என்றார்.

குழுவிலிருந்து படத்தை அன்றே நீக்கினேன். மெயிலில் போனதை எங்கே போய்ப் பிடிப்பது? பல மாதங்கள் வரை, சந்தில் பைக் நின்றால் ஜன்னல் பக்கம் போவேன். யாரும் வரவில்லை. லைனுக்கு மனு கொடுக்க அப்பா அதற்கப்புறம் போகவே இல்லை.

பின்னால் வீட்டிலேயே கம்ப்யூட்டர் வாங்கினோம். அதன்முன் உட்கார்ந்து நான் எதற்காவது சிரித்தால் அடுத்த அறையிலிருந்து அப்பாவின் குரல் வரும்.

"யாரைப் பத்திம்மா?"