லாக்கர் அக்கா தபாலில் அனுப்பிய தங்கம்

தெருவில் அவளுக்கு லாக்கர் அக்கா என்று பெயர். தையல்காரிக்கு எதற்கு இந்தப் பெயர் என்று கேட்டால் கேட்டவர் தெருவுக்குப் புதிது என்று அர்த்தம். குடிகாரப் புருஷனுக்குப் பயந்தவள், மருமகளை நம்பாத மாமியார், மாமியாரை நம்பாத மருமகள் என்று எல்லாரும் நகையைக் கொண்டுவந்து ஒப்படைத்தது அவளிடம்தான். ஒரே வீட்டு மாமியாரும் மருமகளும் ஒருவருக்கொருவர் தெரியாமல் ஒரே வாரத்தில் வந்ததும் உண்டு. இரண்டு பேரிடமும் அவள் மூச்சு விடவில்லை.

எதையும் எழுதி வைக்க மாட்டாள். "எழுதி வெச்சா நாலு பேர் படிப்பாங்க" என்பாள். அந்தப் பெண்களுக்கெல்லாம் துணி தைப்பவள் அவள்தானே. வெட்டியதில் மிஞ்சிய துண்டு எப்படியும் அவளிடம் இருக்கும். யார் நகை தருகிறார்களோ அவர்களுடைய துணித் துண்டிலேயே முடிந்து, தையல் மெஷினுக்குக் கீழே இருக்கும் இழுப்பறையில் போட்டுவிடுவாள். துணியைப் பார்த்தால் ஆள் தெரிந்துவிடும். பெரிய படிப்பு கிடையாது, சொத்து கிடையாது, அழகி என்றும் யாரும் சொன்னதில்லை. கொடுத்ததைக் கொடுத்தபடி திருப்பித் தருகிறவள் என்ற ஒரே பெயர்தான் அவள் சம்பாதித்தது. அதில் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது, மறைப்பானேன்!

அந்த வருஷ மழையில் மெஷினுக்கு நேர் மேலே கூரை ஒழுக ஆரம்பித்தது. மெஷினை நகர்த்தினாள். ஒழுகலும் கூடவே நகர்ந்து வந்தது. தைக்கக் கொடுத்த துணியில் கறை பட்டால் தொழிலே போய்விடும். வேன் ஓட்டும் புருஷன் அண்ணாந்து பார்த்துவிட்டு, "பாக்கலாம், பாக்கலாம்" என்றான். அவன் பார்க்கும் லட்சணம் அவளுக்குத் தெரியும்.

தன்னுடைய பழைய நகைகளை விற்றுவிடலாம் என்று முடிவு செய்தாள். ஆனால் கடைத்தெருவில் விற்றால், அவள் வீடு திரும்புவதற்குள் சேதி வந்துவிடும். லாக்கர் அக்காவே நகையை விற்கிறாள் என்றால் மற்றவர்கள் வயிற்றில் புளியைக் கரைக்காதா? அப்போதுதான் பேப்பரில் பழைய நகை வாங்கும் கம்பெனி ஒன்றின் விளம்பரம் கண்ணில் பட்டது. உடைந்தது, நெளிந்தது, ஒற்றைத் தோடு எதுவானாலும் தபாலில் அனுப்புங்கள். எடை போட்டு விலை சொல்கிறோம். சம்மதம் என்றால் பணம், இல்லையென்றால் நகை திரும்பி வரும். போன் செய்ததும் நகையைப் போட்டு அனுப்பத் தடித்த உறை ஒன்று வந்து சேர்ந்தது.

மெஷின் மேல் பலகையைப் போட்டு, தன் முடிச்சுகளை ஒவ்வொன்றாக அவிழ்த்தாள். ஒற்றைத் தோடு ஒன்று. அதன் ஜோடி, பிரசவ வலியோடு ஆஸ்பத்திரிக்குப் போனபோது பஸ்ஸில் எங்கேயோ விழுந்துவிட்டது. புருஷனின் மோதிரம், விரல் வீங்கி வெட்டி எடுத்தது. கதவிடுக்கில் மாட்டி நசுங்கிய வளையல். கடைசியாகப் பச்சைப் பூப்போட்ட துணியில் கொக்கி இல்லாத மெல்லிய சங்கிலி. துணியைப் பார்த்ததும் சிரிப்பு வந்தது. மலிவாகக் கிடைத்ததென்று மொத்தமாக வாங்கி, தனக்கும் நாத்தனாருக்கும் ஒரே மாதிரி தைத்து, இரண்டு பேரும் இரட்டைப் பிறவிகள் மாதிரி தெருவில் திரிந்த துணி அது. மாமியாரும் சாகும் முன்னால் மகளுக்கும் மருமகளுக்கும் ஒரே அச்சில் ஆளுக்கொரு சங்கிலி கொடுத்திருந்தார்.

சங்கிலியையும் உறைக்குள் போட்டாள். தன் சங்கிலியை அழித்துத்தான் மகளுக்குக் கம்மல் செய்தது அவளுக்கு நினைவுக்கு வரவில்லை. ஊரார் பொருளையெல்லாம் மனப்பாடமாக வைத்திருந்தவளுக்குத் தன் பொருள் மறந்துபோனது. என்ன சொல்வது!

கம்பெனியிலிருந்து நகைகளின் போட்டோவும் விலையும் போனுக்கு வந்தன. சம்மதம் என்றாள். பணமும் வந்தது. கொத்தனாரை வரச்சொன்ன அன்றைக்கு நாத்தனார் போன் செய்தாள்.

"அண்ணி, ஞாயித்துக்கிழமை வரேன். அம்மா எனக்குக் குடுத்த சங்கிலியை உங்ககிட்ட குடுத்து வெச்சேன்ல, அதை எடுத்து வைங்க. பொண்ணு கேக்குறா, கொக்கி போட்டுக் குடுக்கலாம்னு இருக்கேன்."

"எந்தச் சங்கிலி?" என்று கேட்கும்போதே மகளின் கம்மல் அவளுக்கு நினைவுக்கு வந்துவிட்டது.

உடனே கம்பெனிக்கு போன் போட்டாள். எடுத்த பெண் மரியாதையாகத்தான் பேசினாள். "நீங்க ஓகே சொன்னதும் எல்லாத்தையும் சேத்து உருக்கிட்டாங்க, மேடம். இனி தனியா எடுக்க முடியாது."

புருஷன் கேட்டுவிட்டு, "திருட்டுப் போயிடுச்சுன்னு சொல்லிடு. கதை முடிஞ்சுது" என்றான்.

"உன் தங்கச்சிகிட்டயே பொய் சொல்லச் சொல்றியா?"

"பின்ன, உண்மையைச் சொல்லி உறவைக் கெடுத்துக்கப் போறியா?"

அவள் கேட்கவில்லை. அந்த வீட்டுக்கு அவள் வாழ்க்கைப்பட்டு வந்தபோது நாத்தனார் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். தலை வாரிவிட்டது, காய்ச்சலில் மடியில் போட்டுக்கொண்டது எல்லாம் இவள்தான். என்னைத் தெரியாதா அவளுக்கு என்று நினைத்தாள். ஆனாலும் ஞாயிறுக்குள் ஒரு ஜாக்கெட்டின் கைகளை இடம் மாற்றித் தைத்துவிட்டுப் பிரித்தாள்.

நாத்தனார் வந்து உட்கார்ந்ததும், டீ கூடக் கொடுக்காமல் எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தாள். துணியைச் சொன்னாள், கம்மலைச் சொன்னாள், போட்டோவையும் காட்டினாள். வந்த பணம் முழுவதையும் நாத்தனாரின் மடியில் வைத்தாள்.

"விளையாடாதீங்க, அண்ணி."

"சத்தியமாடி. என்னோடதுன்னு நெனச்சுட்டேன்."

நாத்தனார் போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தாள். குவியலின் மேலேயே கிடந்தது சங்கிலி. பிறகு அண்ணாந்து கூரையில் படர்ந்திருந்த ஈரத்தைப் பார்த்தாள்.

"கூரை ஒழுகுதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே குடுத்திருப்பேனே."

"அதுக்காக எடுக்கலடி. மறந்துட்டேன்."

"நீங்களா?" நாத்தனார் குரலை உயர்த்தவில்லை. "வேற யாரு மறந்துட்டேன்னு சொன்னாலும் நம்பிடுவேன், அண்ணி."

கத்தியிருந்தால் பதிலுக்குக் கத்தியிருக்கலாம், அழுதிருந்தால் அணைத்திருக்கலாம். இத்தனை வருஷம் பாடுபட்டுச் சேர்த்த நல்ல பெயரே அவளுக்கு எதிராகச் சாட்சி சொல்லிக்கொண்டிருந்தது. மறக்கிறவள் என்று பெயரெடுத்திருந்தால் தப்பித்திருப்பாள்.

நாத்தனார் பணத்தை எடுத்து மெஷின் மேல் வைத்துவிட்டு எழுந்தாள். வாசல் வரை போனவள் நின்றாள்.

"என் பொண்ணு குழந்தையில போட்டிருந்த வளையல் ஒண்ணு குடுத்து வெச்சிருந்தேன். அதையும் குடுத்துடுங்க."

பதற்றத்தில் அவள் யோசிக்கவில்லை. குனிந்து இழுப்பறையைத் திறந்து, முடிச்சுக் குவியலுக்குள் கையை விட்டு, தேடாமலே சரியான முடிச்சை எடுத்து நீட்டினாள்.

நாத்தனார் முடிச்சைப் பார்த்தாள். அப்புறம் அண்ணியின் முகத்தைப் பார்த்தாள். வாங்கிக்கொண்டு படியிறங்கிப் போனாள்.