ஆறு நாள் விருந்தாளிகளும் ஓர் எஃகுக் குழாயும்

நேற்று மகன் குக்கருக்குப் புது ரப்பர் வளையம் வாங்கி வந்தான். உறையைக் கிழித்ததும் வந்ததே ஒரு வாசனை, அதிலேயே நின்றுவிட்டேன். "இன்னா மாமி, வளையத்த மோந்துகினு நிக்கிறீங்க?" என்று மருமகள் சிரித்தாள். அவளிடம் என்னவென்று சொல்வது? உங்களிடம் சொல்கிறேன். என் வளவளப்பு உங்களுக்குப் பழகிப்போனதுதானே.

இதே வாசனைதான் சென்னையில் நான் ஆராய்ச்சி மாணவியாக இருந்த கல்லூரியின் பின்பக்க அறையில் எப்போதும் இருக்கும். அங்கே முழங்கை நீளத்தில் கனத்த எஃகுக் குழாய் ஒன்று. சின்னப் பையில் பாக்டீரியாவை அடைத்து உள்ளே போட்டு, ரப்பர் வளையம் வைத்து மூடி முறுக்கி, கைப்பம்பால் தண்ணீரை அழுத்தி ஏற்றவேண்டும். நானோ ஒரு குடம் தண்ணீர் தூக்கினால் மறுநாள் படுத்துக்கொள்கிற ரகம். தோழி மேரியும் நானும் மாறி மாறி அடிப்போம். அழுத்தமானியின் முள் மெல்ல ஏறி, ஆறேழு கிலோமீட்டர் ஆழக் கடலில் இருக்கிற அழுத்தத்தைத் தொடும்போது இருவருக்கும் தோள் கழன்றிருக்கும்.

"குக்கர்ல வெச்சா கிருமி செத்துட்டுப் போவுது. இதுக்கா மெட்ராஸு?" என்பாள் அம்மா. குக்கரில் கொல்வது சூடு. சூடில்லாத வெறும் அழுத்தம், அந்த அளவில், சட்டென்று கொல்வதில்லை. வேலையை நிறுத்திவிடும், அவ்வளவுதான். செல்லுக்குள் ரைபோசோம் என்று ஒன்று உண்டு. இரண்டு துண்டுகள் சேர்ந்த மிகச் சிறிய கருவி. அதுதான் அமினோ அமிலங்களை ஒவ்வொன்றாகக் கோத்துப் புரதம் செய்கிறது. அழுத்தம் ஏறினால் கோப்பது பாதியில் நின்றுபோகும். சீக்கிரம் இறக்கிவிட்டால் மறுபடி ஓடும். இதெல்லாம் ஏற்கெனவே தெரிந்த சங்கதி. எத்தனை நாள் வரை இப்படி நிறுத்தி வைத்தால் திரும்பத் தொடங்கும் என்பதுதான் என் கேள்வி. அதற்குப் பதிலோடு ஒரு வியாழக்கிழமை பேராசிரியர் முன்னால் நிற்கவேண்டும். இல்லையென்றால் என் இடம் வேறொருவருக்குப் போய்விடும்.

அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை காலை அழுத்தம் ஏற்றி வைத்தேன். திங்களன்று திறப்பதாகத் திட்டம். மதியம் தந்தி வந்தது, அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று. அழுதுகொண்டே பஸ் ஏறி எங்கள் ஊர் கள்ளக்குறிச்சியில் இறங்கினால், உடம்பு சரியில்லாத அம்மா அடுப்படியில் சமோசா பொரித்துக்கொண்டிருந்தாள். மறுநாள் என்னைப் பெண் பார்க்க வருகிறார்களாம். எம்.எஸ்ஸி. படித்தவளுக்கு ஒரு தந்தியின் சூது தெரியவில்லை பாருங்கள்.

உளுந்தூர்பேட்டையிலிருந்து வேனில் வந்தார்கள். நான்கு பெண்கள், ஒரு பெரியவர், வேனை ஓட்டிக்கொண்டு மாப்பிள்ளை. ஒரு மணி நேரப் பயணம். பிரியாணி சாப்பிட்டு, என்னையும் பார்த்துவிட்டு, சாயங்காலம் கிளம்பியவர்கள் அரை மணியில் திரும்பி வந்தார்கள். இட ஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல் தொடங்கியிருந்தது. வழி நெடுகப் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே சாய்த்துவிட்டார்கள். பஸ் இல்லை, டிரங்க் கால் கிடைக்கவில்லை. காற்றில் ஈர மரத்தூளின் புளிப்பு வாடை.

இன்றைக்கு வழி திறக்கும், நாளைக்குத் திறக்கும் என்று ஆறு நாள் போயிற்று. மாப்பிள்ளை என் அத்தா, அதாவது அப்பா, நடத்திய கடுக்காய் மண்டியில் மூட்டைகளுக்கு நடுவே படுத்துக்கொண்டார். பெண்கள் என் அறையில். மூன்றாம் நாள் மாப்பிள்ளையின் அம்மா எங்கள் அடுப்படியில் உட்கார்ந்து, "உப்பு கம்மியா இருக்குது, நான் போடறேன் தள்ளு" என்றார். அத்தனை பேர் நடுவில், கொல்லைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுவதற்குக்கூட இடமில்லை. கண்ணை மூடினால் அந்த முள். திங்கள் வந்து போனது. யார் திறப்பார்கள் அதை?

எங்கள் ஜீப்பை ஓட்டிய ஏழுமலை அண்ணன் காலையில் மரம் சாய்க்கப் போவார், மதியத்துக்கு மேல் கல்வராயன் மலைக்குப் போய்க் கடுக்காய் ஏற்றி வருவார். மலைப்பக்கம் மறியல் இல்லை. செவ்வாய்க்கிழமை என்னையும் ஏற்றிப்போகச் சொல்லி அவரிடம் கேட்டேன். மலை மேலிருக்கிற வெள்ளிமலை ஊரில் இறங்கி நடந்தால் அந்தப் பக்கம் சேலம் ஜில்லா. அங்கிருந்து ரயில்.

"நம்ம புள்ளைங்க காலேஜு போவணும்னுதான் ரோட்ட மறிச்சிகினு இருக்கோம். நீ காலேஜு போறத நானே மறிக்கலாமா? வா தங்கச்சி, மலைக்கு அந்தாண்ட கொண்டும்போயி வுட்டுடறேன். அத்தாகிட்ட மட்டும் ஒரு வார்த்த சொல்லிட்டு வந்துடு."

பையோடு மண்டிக்குப் போனேன். அத்தா கோபப்படவே இல்லை. கோபப்பட்டிருந்தால் போயிருப்பேன்.

"போறதுன்னா போம்மா, நான் புடிச்சி வெக்கல. ஆனா பொண்ணு பாக்க வந்தவங்க வூட்ல குந்திகினு இருக்கறப்ப பொண்ணு மலையேறிப் போயிடுச்சின்னா, அவங்க மொகத்துல நான் எப்படி முழிக்கறது?"

ஜீப் வெளியே உறுமிக்கொண்டு நின்றது. நான் பையை உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டு வந்து வெங்காயம் அரிந்தேன். யாரும் என்னைப் பூட்டி வைக்கவில்லை என்பதுதான் இன்றுவரை ஆறாதது.

பேராசிரியரைப் பார்க்கவேண்டிய வியாழனும் கழிந்து, வெள்ளிக்கிழமை மரங்களை இழுத்துப் போட்டு வழி திறந்தார்கள். வேன் ஏறும் முன் மாப்பிள்ளையின் அம்மா என் வாயில் சர்க்கரை போட்டார். சம்மதம் என்று அர்த்தம். கல்யாணமாகிப் பல வருஷம் கழித்து என் வீட்டுக்காரர் ஒருநாள் சொன்னார்: "அன்னிக்கி எனக்கு அவ்வளவா இஷ்டமில்ல. ஆறு நாள் உங்க வூட்டுச் சோத்த தின்னுட்டு எப்படி வேணாம்னு சொல்றது?" இரண்டு பேரும் கண்ணில் நீர் வரச் சிரித்தோம். நல்ல மனிதர். அவரும் போய் மூன்று வருஷமாகிறது.

ஏழுமலை அண்ணனும் இல்லை. அவர் மகள் கல்லூரி முடித்து டீச்சரானாள். கேட்டபோது சந்தோஷமாகத்தான் இருந்தது, கொஞ்சம் வயிறும் எரிந்தது. வெட்டிய புளியமரங்கள் இருந்த இடத்தில் இப்போது அகலமான தார்ச்சாலை. அந்தப் பின்பக்க அறையையும் இடித்துவிட்டார்களாம்.

மேரி அப்போது எழுதிய கடிதம் மட்டும் வெகுநாள் டிரங்குப் பெட்டியில் இருந்தது, வீடு மாற்றியபோது அதுவும் தொலைந்தது. என்னைக் காணாமல் ஒன்பதாம் நாள் அவளே வால்வைத் திறந்திருக்கிறாள். முள் பாதிக்கு இறங்கியிருந்ததாம். உள்ளே இருந்தவற்றைக் கிருமி வளர்க்கும் தட்டுகளில் பரப்பி வைத்தால் பெரும்பாலும் செத்துப்போயிருந்தன. ஒரே ஒரு தட்டில் மட்டும் ஏழு வெள்ளைப் புள்ளிகள் முளைத்திருந்தன. "அவை நம்முடையவைதானா, என் கைத்தூசியா என்று மறுபடி செய்து பார்த்தால்தான் தெரியும், தட்டை ஃபிரிட்ஜில் வைத்திருக்கிறேன், நீ வந்ததும் பார்ப்போம்" என்று எழுதியிருந்தாள்.

நான் போகவில்லை.