உள்ளங்கையில் ஒட்டிய சந்தனம்

எனக்குக் கோபம் வந்தால் கண் மண் தெரியாது. இதை வெட்கமில்லாமல் பெருமையாகச் சொல்லித் திரிந்தவன் நான். மண்ணூர்பேட்டை லேத் பட்டறையில் ஆயுத பூஜையன்று நடந்த அடிதடி எனக்கு நிஜமாகவே நினைவில் இல்லை. சூப்பர்வைசர் மண்டை பிளந்து கிடந்தான். பக்கத்தில் ஸ்பானரோடு என் நண்பன் நின்றிருந்தான். மற்றவர்கள் பூசணிக்காய் உடைக்க வாசல் கேட்டுக்குப் போயிருந்தார்கள். அடி பின்னாலிருந்து விழுந்ததால் அடிபட்டவனுக்கும் ஆள் தெரியவில்லை. போலீஸ் நண்பனை இழுத்துப் போனது. அவன் வாயே திறக்கவில்லை.

மூன்று மாதமாக அவன் மனைவி என் வீட்டுக்கு நடையாய் நடந்தாள்.

"அண்ணாத்தே, நீ அங்கதான இருந்தே? எம் புருசன் அடிக்கலன்னு கோர்ட்ல ஒரு வார்த்த சொல்லேன்."

"சத்தியமா ஞாபகம் இல்லம்மா."

கடைசியில் என்னைத் தன் புருஷனுக்காக வாதாடும் வக்கீலம்மாவிடம் கூட்டிப் போனாள். அவர், "சண்டையை விடுங்க. கண்ணை மூடிக்கிட்டு, எங்க நின்னீங்க, என்ன வாசனை வந்துச்சு, உடம்பு எப்படி இருந்துச்சு, அதை மட்டும் சொல்லுங்க" என்றார். இதென்னடா கூத்து என்றுதான் கண்ணை மூடினேன்.

சாம்பிராணிப் புகை. கண் எரிகிறது. இடது கையில் பொரி. கழுவித் துடைத்த ஸ்பானர், சுத்தியல் எல்லாம் சாமி படத்தின் முன்னால் பொட்டோடு இருக்கின்றன. மறுநாள்வரை யாரும் அவற்றைத் தொட மாட்டோம். நண்பனின் செத்துப்போன அம்மாவை இழுத்துத் திட்டுகிறான் சூப்பர்வைசர். நண்பன் தலை குனிந்து நிற்கிறான். என் காது கொதிக்கிறது. வலது உள்ளங்கையில் ஜில்லென்று, வழவழவென்று ஏதோ படுகிறது.

சந்தனம். ஈரம் காயாத சந்தனம்.

பூஜையில் வைத்த இரும்பு என் கைக்கு எப்படி வந்தது? அடுத்து, முழங்கைவரை ஏறிய அதிர்வு. எலும்பு நொறுங்கும் சத்தம். விழுந்தவனை மறுபடி அடிக்க ஓங்கினேன். அப்போதுதான் நண்பன் பாய்ந்து ஸ்பானரைப் பிடுங்கினான். ஐயோ, அவன் தடுக்க வந்தவன்.

"நான்தாம்மா அடிச்சேன்" என்றேன்.

அவள் எழுந்து வந்து பளாரென்று அறைந்தாள். மறுபடியும் அறைந்தாள். வக்கீலம்மா தடுக்கவில்லை.

"எவன் அடிச்சான்னு ஜெயில்ல எம் புருசன கேட்டேன். 'அவனுக்குப் பொண்ணு கீது, உடு'ன்னுச்சு. அவன் நீதானா?" என்று என் சட்டையைப் பிடித்து உலுக்கினாள். "எனக்கும் ஒரு பொண்ணு கீதுடா!"